அலங்காரப் புல்லும் வளவில் ஓடும் நாயும்

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை வைத்தியரின் பதில்கள்

முற்றத்தில் அலங்காரப் புல் நடுவது யாழ்ப்பாணத்தில் இப்போது பரவிவருவதால், நாய் வளர்ப்போரிடமிருந்து அது பற்றிய கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. அவற்றுள் ஐந்தினை இந்த இதழில் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, மூன்று மாதங்களுக்கு முன்னர் திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள ஒரு பூங்கன்றுக் கடையில், ஊதா கலந்த செந்நிறத் தாள்களையுடைய ‘பவுண்டன் கிராஸ்’ என்னும் புல்லில் ஆறு கன்றுகள் வாங்கி, படலையிலிருந்து வாசற்படி வரை பாதையின் இரு பக்கமும் நட்டேன். எங்கள் லப்ரடோர் நாய்க்கு ஒரு வயது நிரம்பியிருக்கிறது. காலையில் அவிழ்த்துவிட்டதும் அது நேரே போய் அந்தப் புல்லின் தாள்களைக் கடித்து மெல்லுகிறது. கடந்த வாரம் இரண்டு தடவை சத்தியெடுத்தது. அது நச்சுப் புல், உடனே பிடுங்கி எறியுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. புல் தின்று எந்த நாயும் சாவதில்லை என்கிறார் என் கணவர். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, கொக்குவில்

பதில்: புல்லைப் பிடுங்க வேண்டாம். அந்தப் புல்லின் தாளிலோ வேரிலோ நாய்க்கு உயிராபத்தை விளைவிக்கும் நஞ்சு இருப்பதாக அறியப்படவில்லை. வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இயற்கையாக வளரும் ஒரு புல்லின் வழியில் வந்த தோட்ட வகை அது. கம்பு என்னும் சிறுதானியத்துக்கும், மாடு வளர்ப்போர் வேலியோரத்தில் நட்டு வெட்டிப் போடுகின்ற சீஓ-3 புல்லுக்கும் அது நெருங்கிய உறவு. இந்த வகைப் புற்கள் சிலவற்றில் ஒட்சலேற்று என்னும் பொருள் கூடுதலாக இருப்பதனால், மாதக்கணக்கில் அவற்றை மட்டுமே மேயும் குதிரைகளுக்குக் கல்சியக் குறைபாடு ஏற்பட்டு எலும்பு நலிவதுண்டு. மேய்ச்சல் விலங்குகளுக்காகச் சொல்லப்பட்ட இந்த எச்சரிக்கை, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்கு மாறும்போது ‘நச்சுப் புல்’ என்று சுருங்கிவிடுகிறது. காலையில் நாலு தாள் மெல்லுகின்ற நாய்க்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

நாய் புல் தின்பது நோயின் அறிகுறி என்ற எண்ணமும் நம்மிடையே ஆழமாக ஊன்றியிருக்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1,571 நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 68 வீதமான நாய்கள் நாள்தோறுமோ வாரந்தோறுமோ ஏதேனும் ஒரு தாவரத்தைத் தின்பது தெரியவந்தது. தின்பதற்கு முன்னர் அடிக்கடி சுகவீனமாகக் காணப்பட்டவை 8 வீதம் மட்டுமே; தின்றபின் வழக்கமாகச் சத்தியெடுத்தவை 22 வீதம். ஆகவே, சுகமாக இருக்கின்ற நாயும் புல் தின்னும், தின்றவற்றில் பெரும்பாலானவை சத்தியெடுப்பதும் இல்லை. நமது ஊர் நாய்கள் மாரி முடிந்த கையோடு துளிர்த்த அறுகம்புல்லைத் தலையைச் சரித்துக் கடைவாயால் நறுக்கித் தின்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தது புல் அன்று, இரண்டு தடவை எடுத்த சத்தி. வெளிவந்தது மெல்லப்பட்ட புல்லும் மஞ்சள் நுரையுமாக மட்டும் இருந்து, நாய் அதன்பின் வழமைபோல உணவு உண்டு, வாலாட்டி விளையாடியிருந்தால், அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால், ஒரே நாளில் மூன்று நான்கு முறை சத்தியெடுத்தாலோ, சத்தியில் அல்லது மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, வயிறு ஊதினாலோ, முக்கியும் மலம் போகாமல் தவித்தாலோ, அந்த நாளே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். குறிப்பாக, உங்கள் நாய்க்கு, இளம் நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ வைரசுக்கான தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டனவா என்று அதன் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். இளம் நாய் ஒன்று சத்தியெடுத்துச் சோர்ந்து, துர்நாற்றத்தோடு இரத்தம் கலந்து கழிகின்றபோது, “புல்லைத் தின்றுவிட்டது, நாளைக்குச் சரியாகிவிடும்” என்று இரண்டு நாள் காத்திருந்து, மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தவர்களை என் பணிக்காலத்தில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அந்த இரண்டு நாட்களில் ஏற்றியிருக்க வேண்டிய சேலைன் பல குட்டிகளைக் காப்பாற்றியிருக்கும். புல்லின் மீது போடும் பழி அந்த நேரத்தைத் தின்றுவிடுகிறது.

பக்கத்து வீட்டு அக்காவின் அச்சத்தில் நியாயம் இருக்கின்ற இடம் வேறு. புல்லில் நஞ்சு இல்லாவிட்டாலும், புல்லுக்கு நாம் போடுகின்றவற்றில் நஞ்சு இருக்கலாம். மாரி காலத்தில் ஆபிரிக்க நத்தைகள் பெருகும்போது, அவற்றைக் கொல்வதற்குத் தூவப்படும் உருண்டைகளில் மெற்றல்டிகைட் என்னும் இரசாயனம் இருக்கும். நத்தையைக் கவர்வதற்காக அதில் தவிடு போன்ற தீனி சேர்க்கப்பட்டிருப்பதால், நாய்க்கும் அது உணவாகவே தோன்றும். தின்று அரை மணித்தியாலத்திலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் உடல் நடுங்கி, விறைத்து, வலிப்பு வந்து, காய்ச்சல் ஏறி நாய் இறந்துவிடக்கூடும். ஆமணக்கம் புண்ணாக்கு எருவாக நல்லதுதான், ஆனால் சரியாகச் சூடேற்றிப் பக்குவப்படுத்தப்படாத புண்ணாக்கில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு எஞ்சியிருக்கும். நாய் அதன் வாசனைக்குத் தேடிப்போய்த் தின்னும். எலும்புத்தூளும் அவ்வாறே நாயை இழுக்கும். அது நஞ்சல்ல என்றாலும், நிறையத் தின்றால் குடலுக்குள் கட்டியாக இறுகிவிடும். யூரியாவை நக்கினால் எச்சில் வடிந்து சத்தி வரும். உங்கள் ஆறு கன்றுகளுக்கும் மக்கிய மாட்டெருவும் காய்ந்த இலைச்சருகும் தாராளமாகப் போதும். இந்தப் புல் வறட்சியைத் தாங்கும் இயல்புடையது. நமது செம்மண்ணில் அதற்கு ஊட்டம் அதிகம் தேவைப்படாது. கடையிலிருந்து வந்த கன்றுகளுக்கு அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பதும் நல்லது.

அடுத்தது கதிர். ஒரு சாண் நீளத்தில், நரி வாலைப் போல மெத்தென்று வளைந்து நிற்கும் அந்தக் கதிர்தான் இந்தப் புல்லின் அழகு. அதிலுள்ள மயிர்கள் மென்மையானவை. ஊசிப்புல்லின் விதையைப் போலத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் தன்மை அவற்றுக்கு இல்லை. ஆயினும், காய்ந்து உதிரும் பருவத்தில் நாய் கதிரை வாயால் கௌவி இழுத்தால், மயிர்கள் முரசிலும் நாக்கின் அடியிலும் குத்திச் சிறிய புண்களை உண்டாக்கும். கதிர் பசுமையும் ஊதாவும் மங்கிப் பழுப்பேறத் தொடங்கும்போதே அடியோடு நறுக்கி எடுத்துவிடுங்கள். செந்நிற வகை பெரும்பாலும் முளைக்கக்கூடிய விதையைத் தருவதில்லை என்பதால், அது வளவெங்கும் பரவும் என்ற கவலை வேண்டாம். பச்சை வகை அப்படியன்று. ஹவாய்த் தீவுகளில் அது அடக்க முடியாத களையாகப் பெருகியிருக்கிறது. அதை வாங்குவதைத் தவிர்ப்பது நன்று.

நட்ட இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடுப்பளவு உயர்ந்து, அடியில் அடர்ந்து நிற்கும் புற்பற்றை நிழலும் ஈரமும் தேடுகின்ற உயிர்கள் எல்லாவற்றுக்கும் புகலிடமாகும். குடாநாட்டின் வறண்ட மணற்பாங்கான பகுதிகளில் சுருட்டை விரியன் சாதாரணமாகக் காணப்படும் பாம்பு. புடையனும் நாகமும் இருக்கின்றன. இரவில் படலையில் ஒரு சத்தம் கேட்டால் நாய் முதலில் மூக்கை நுழைப்பது அந்தப் பற்றைக்குள்தான். ஆகவே, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை காய்ந்த தாள்களை மாதம் ஒரு முறை களைந்து, பற்றையின் அடி கண்ணுக்குத் தெரியும்படி வைத்திருங்கள். மாரி முடிந்து தை பிறந்தபின் முழுப் பற்றையையும் அரையடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்த்து வரும். உண்ணிகளும் ஒதுங்க இடமின்றிக் குறையும்.

உங்கள் நாய்க்குக் காலையில் மெல்லுவதற்கு ஏதாவது வேண்டும் என்றால், அதற்கென்றே ஒரு புல்லைக் கொடுத்துவிடுங்கள். அகன்ற மண்சட்டி ஒன்றில் அறுகு பதித்தாலோ, ஒரு பிடி நெல்லை ஊறவைத்துத் தூவினாலோ, பத்துப் பன்னிரண்டு நாட்களில் மெல்லக்கூடிய இளம்புல் கிடைக்கும். இறுங்கு மட்டும் வேண்டாம். அதன் இளம்பயிரில் சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சட்டியை நாய் அவிழ்த்துவிடப்படும் இடத்துக்கு அருகில், பவுண்டன் புல்லுக்கு முன்னதாக வையுங்கள். பெரும்பாலான நாய்களுக்கு முதலில் எட்டுவதே போதும்.

கேள்வி: எங்கள் ஊர் நாய் ஒழுங்கைக்கு எதிரேயுள்ள வெறுங்காணியில் ஓடி விளையாடும். நான்கு நாட்களாக ஓயாமல் தலையை உதறுகிறது. தலையை வலப்பக்கம் சரித்துக்கொண்டு நடக்கிறது. காதைத் தொட்டால் உறுமுகிறது. வெளியே புண் எதுவும் தெரியவில்லை. காதுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டேன், குறையவில்லை. வீட்டில் அலங்காரப் புல் நட எண்ணியிருந்தோம். அதுவும் இப்படி ஏதாவது செய்யுமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: எண்ணெய் விடுவதை இன்றே நிறுத்திவிட்டு, நாளைக்குத் தள்ளாமல் நாயைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். ஒரு பக்கக் காது மட்டும், திடீரென்று, வெறுங்காணியில் ஓடிய பின்னர் இப்படி ஆகியிருப்பதனால், காதுக்குள் புல்விதை ஒன்று இறங்கியிருக்கக்கூடும் என்பதே என் முதல் ஐயம். உண்ணியோ கிருமித்தொற்றோ காரணமாகவும் இருக்கலாம். எதுவானாலும், காதுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவி இல்லாமல் அதைத் தீர்மானிக்க முடியாது.

மாரி ஓய்ந்து தை, மாசியில் வெயில் ஏறும்போது நம் வெறுங்காணிகளில் ஊசிப்புல் முற்றிக் காய்கிறது. அதன் விதை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். ஒரு முனை ஊசியைப் போலக் கூரானது. கூருக்குச் சற்று மேலே, பின்னோக்கிச் சாய்ந்த நுண்ணிய மயிர்கள். மறுமுனையில் முறுக்கிய நூலைப் போன்ற நீண்ட வால். அந்த விதையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்ல உருட்டினால், அது ஒரு திசையில் மட்டுமே நகரும். எதிர்த்திசையில் எவ்வளவு உருட்டினாலும் திரும்பி வராது. வாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், முறுக்கு அவிழ்ந்து விதை தானாகவே சுழலத் தொடங்கும்; காய்ந்ததும் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். மண்ணுக்குள் தன்னைத் தானே துளைத்துப் புதைத்துக்கொள்வதற்காக இயற்கை அதற்குக் கொடுத்த அமைப்பு இது. ஈரமும் அசைவும் உள்ள காதுக் குழாயிலும் விரல் இடுக்கிலும் அது அதே வேலையைச் செய்கிறது. நாயின் ஒவ்வோர் உதறலும் அதை இன்னும் உள்ளே தள்ளுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் ஒரு நாயைக் கொண்டு வந்தார்கள். முன்னங்காலின் இரு விரல்களுக்கு இடையில் முந்திரிகைப் பழம் அளவுக்கு ஒரு வீக்கம். அதன் நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு துளை. அதிலிருந்து இரத்தம் கலந்த நீர் கசிந்தது. நான் அதைச் சாதாரணப் புண் என்று கருதி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்து அனுப்பினேன். வற்றியது, மருந்து முடிந்து ஒரு வாரத்தில் மீண்டும் வீங்கியது. இரண்டாம் முறையும் அதையே செய்தேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் மயக்கி, துளையைச் சற்று அகட்டி, சாமணத்தை உள்ளே விட்டேன். விரலிடுக்கிலிருந்து மேலே ஓர் அங்குலத்துக்கும் கூடுதலான தூரத்தில், தோலுக்கடியில் கறுத்துப்போன ஓர் ஊசிப்புல் விதை கிடைத்தது. அந்த நாய் ஏறக்குறைய ஆறு வாரம் நொண்டியது என் தவறினால். உடல் இந்த விதையைக் கரைத்துவிடாது. எக்ஸ்றேப் படத்திலும் அது தெரியாது. தேடிப் பிடித்து எடுத்தால் ஒழியப் புண் ஆறாது என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன். வற்றி வற்றி மீண்டும் வரும் விரலிடுக்குப் புண்ணை இன்றுவரை அந்த ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

மூக்குக்குள் போனால் நாய் திடீரென்று அடுக்கடுக்காகத் தும்மும். ஒரு பக்க நாசியில் மட்டும் இரத்தம் வரலாம். கண்ணில் போனால் அந்தக் கண்ணை இறுக மூடி, நீர் வடியும். ஊசிப்புல் மட்டுமன்று, ஒட்டுப்புல்லும் நாயுருவியின் முள்முனைக் காய்களும் நாயின் மயிரில் தொற்றி வரும். நெருஞ்சி முள் பாதத்தில் ஏறும். நாய் வெளியே போய் வந்ததும் விரல் இடுக்குகள், காது மடலின் உட்புறம், கக்கம், வாலின் அடி ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடங்கூட ஆகாது. மேலாக ஒட்டியிருப்பதை நீங்களே எடுக்கலாம். காதுக் குழாய்க்குள் இறங்கியதைப் பஞ்சுக் குச்சியால் தோண்ட வேண்டாம், செவிப்பறை கிழிந்துவிடும்.

வீட்டில் நட எண்ணியிருக்கும் அலங்காரப் புல்லைப் பொறுத்தவரை, கடையில் பெயரைக் கேட்பதைவிடக் கதிரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முற்றிய கதிரை உள்ளங்கையில் தேய்க்கும்போது விதை தோலில் குத்தி நின்றால், அல்லது சட்டைத் துணியில் ஏறி இழுக்க வராமல் மாட்டிக்கொண்டால், நாய் உள்ள வீட்டுக்கு அது உகந்ததன்று. மெத்தென்று உதிர்ந்து போனால் நடலாம்.

கேள்வி: முற்றத்தைக் கல் பதித்து அழகுபடுத்தித் தந்தவர்கள், “எல்லாம் புல்வகைதான், பயமில்லை” என்று சொல்லி ஐந்தாறு வகை நட்டுவிட்டுப் போனார்கள். மொண்டோ புல், மழைக்குப் பூக்கின்ற ரெயின் லிலி, நடுவில் ஒரு சைக்கஸ் ஆகியன அவற்றுள் அடங்கும். வீட்டில் மூன்று மாதப் பொமரேனியன் குட்டி இருக்கிறது.
— வாசகி, மானிப்பாய்

பதில்: நீங்கள் பெயர் குறிப்பிட்ட மூன்றில் ஒன்றுகூடப் புல் அன்று. சைக்கஸை இந்த வாரமே அகற்றுங்கள். மற்றவற்றைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். பனைக்குட்டியைப் போன்ற தோற்றமுடைய அந்தத் தாவரத்தின் எல்லாப் பாகங்களிலும் சைக்கசின் என்னும் நஞ்சு உண்டு. விதையில் மிக அதிகம். ஓரிரு விதைகளே ஒரு நாயைக் கொல்லப் போதும். முதல் நாள் சத்தி, சோர்வு. ஓரிரு நாளில் ஈரல் பாதிக்கப்பட்டு, கண்ணும் முரசும் மஞ்சளாகும். அந்த நிலைக்குப் போன நாய்களில் பல, சிகிச்சை அளித்தாலும் பிழைப்பதில்லை. எதையும் கடித்துப் பார்க்கின்ற மூன்று மாதக் குட்டியின் வாய்க்கு எட்டும் உயரத்தில் அது நிற்கக்கூடாது.

ரெயின் லிலியின் தாள் புல்லைப் போலவே மெல்லியதாக இருப்பதால் அதைப் பலர் புல் என்றே எண்ணுகின்றனர். மண்ணுக்குள் சின்ன வெங்காயம் போன்ற கிழங்கு இருக்கும். லைக்கோரின் முதலான நச்சுப்பொருட்கள் அந்தக் கிழங்கில்தான் செறிந்திருக்கின்றன. மண்ணைக் கிளறுகின்ற குட்டி அதைத் தோண்டித் தின்றால் எச்சில் வடிந்து, சத்தியும் கழிச்சலும் ஏற்படும். குட்டி எட்டாத சாடிகளுக்கு மாற்றிவிடுங்கள். மொண்டோ புல் இருக்கலாம். அதன் நீலநிறக் காய்கள் வயிற்றைக் குழப்பக்கூடும் என்பதால் காய்க்கும்போது கிள்ளி எறியுங்கள். வேலியில் கார்த்திகைப் பூக் கொடி படர்ந்திருந்தால் அதன் கிழங்கையும், அலரி நின்றால் உதிரும் இலைகளையும் காய்களையும் குட்டியிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். இவை இரண்டும் உயிரையே பறிக்கக்கூடியவை. நம் வீட்டு வேலிகளில் தலைமுறை தலைமுறையாக நிற்பதனால் மட்டும் பாதுகாப்பானவை ஆகிவிடா.

கேள்வி: நாய் ஏதோ ஒரு செடியையோ புல்லையோ தின்றுவிட்டு எச்சில் வடித்துக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைத்தியரிடம் போகும் முன்னர் வீட்டில் என்ன செய்யலாம்? எங்கள் பக்கத்தில் உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தியெடுக்க வைப்பார்கள்.
— வாசகர், அளவெட்டி

பதில்: உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சத்தி வராமல் உப்பு உடம்பில் தங்கிவிட்டால், இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளை பாதிக்கப்பட்டு, வலிப்பு வரும். தின்ற செடியால் சாகாத நாய் உப்பினால் சாகக்கூடும். தேசிக்காய்ச் சாறு, தேங்காய்ப்பால், முட்டை எதையும் வற்புறுத்தி ஊற்றக் கூடாது. மயங்கிக்கொண்டிருக்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். வலி குறையட்டும் என்று பனடோல் கொடுப்பவர்களும் உண்டு. அது நாயின் ஈரலுக்கும் இரத்தத்துக்கும் தீங்கு செய்வது. வைத்தியர் சொல்லாமல் ஒரு குளிசைகூடக் கொடுக்காதீர்கள்.

நாய் வழமையான உணர்வோடு, உங்களை அறிந்து நிற்கிறது, தின்றதை நீங்களே கண்ணால் கண்டீர்கள் என்றால், வாயின் ஓரமாக ஓடும் தண்ணீர் விட்டுக் கழுவலாம். மிச்சச் செடியில் இலை, காய், வேர் எல்லாம் சேர்த்து ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள அரச கால்நடை வைத்தியருக்கோ தனியார் சிகிச்சை நிலையத்துக்கோ தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் செடியைக் கண்ணால் பார்ப்பது வைத்தியருக்குப் பெரிய உதவி. மலவாயிலிருந்து புல்லின் தாள் ஒன்று பாதி வெளியே தொங்கினால் பிடித்து இழுக்காதீர்கள், குடலை அறுக்கக்கூடும். தானாக வரவிடுங்கள், வராவிட்டால் வைத்தியர் பார்க்கட்டும்.

இனிச் சொல்லப்போவதை இந்தப் பக்கத்தில் வேறெதை மறந்தாலும் மறக்காமல் வைத்திருங்கள். நாய் எச்சில் வடிக்கிறது, விழுங்க முடியாமல் தவிக்கிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, ஆனால் எதைத் தின்றது என்று எவரும் காணவில்லை என்றால், “தொண்டையில் புல்லோ எலும்போ சிக்கிவிட்டது” என்று எண்ணி வாய்க்குள் கையை விடாதீர்கள். விசர்நாய் நோயின் முடங்கிய வகை இதே தோற்றத்தில்தான் வரும். கடிக்காத, சத்தம் போடாத, மூலையில் ஒதுங்கி எச்சில் வடிக்கும் நாயிடமிருந்தும் அந்த நோய் மனிதருக்குத் தொற்றும். விரலில் ஒரு கீறல் இருந்தாலே போதும். நோயின் அறிகுறி மனிதரில் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. தோன்றுமுன் தடுப்பூசி போட்டால் முழுமையாகத் தடுக்கலாம். நாயை ஓர் அறையில் தனியே அடைத்து, பிள்ளைகளை விலக்கி, கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். எச்சில் காயத்தில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாய்க்கு இந்த ஆண்டுக்கான தடுப்பூசி போடப்பட்டிருந்தாலும் போங்கள். தேவையா இல்லையா என்பதை அங்கே தீர்மானிக்கட்டும்.

கேள்வி: கலியாண வீட்டு அலங்காரத்துக்கு வாங்கிய காய்ந்த பம்பாஸ் புற்கதிர்களை விறாந்தையில் ஒரு சாடியில் வைத்திருக்கிறோம். நாய் அதைப் பிய்த்துத் தின்றுவிட்டது. ஆபத்தா?
— வாசகி, நல்லூர்

பதில்: கதிர் நஞ்சன்று. எனினும், பஞ்சுபோன்ற அந்த மயிர் உதிராதிருக்க அதன்மீது ஒட்டுத்திரவம் தெளிப்பார்கள்; சிலவற்றுக்குச் சாயமும் ஏற்றுவார்கள். ஒரு கொத்தை விழுங்கியிருந்தால் தொண்டையில் அடைத்து இருமலும் ஓங்காளமும் வரலாம், குடலிலும் உருண்டையாகத் தங்கலாம். இரண்டு நாட்கள் உணவையும் மலத்தையும் கவனியுங்கள். சத்தி தொடர்ந்தாலோ மலம் போகாவிட்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். மீதமுள்ள கதிர்களைச் சாடியோடு கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள்.